தட்டணு குறைந்தவருக்கு வரும் பக்கவாதம்: எண்ணிக்கையும் காரணமும்

அந்தமானின் வண்டூரில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தால் இரத்தம் கசியும், அவை மிகுந்தால் இரத்தம் உறையும் என்ற எண்ணம் பொதுமக்களிடத்தில் மட்டுமன்றி மருத்துவமனை வார்டுகளிலும் ஆழ வேரூன்றியுள்ளது. இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே பகையாகக் கொள்வதால் தட்டணு குறையும் நோய்கள் சில உள்ளன. அந்நோய்களில், தட்டணு எண்ணிக்கை சில ஆயிரங்களுக்கு இறங்கிய நிலையிலும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வரக்கூடும். அவ்வாறு வரும்போது, அடைப்பைக் கரைக்கும் மருந்து கசிவைத் தூண்டுமோ என்றும், கசிவைத் தடுக்கும் மருத்துவம் அடைப்பைப் பெருக்குமோ என்றும் மருத்துவர் இரு புறமும் அஞ்ச வேண்டியவராகிறார். அந்த இக்கட்டில் எதைக் கொண்டு முடிவெடுப்பது என்பதே இச்சொற்பொழிவின் பொருள். எண்ணிக்கை எவ்வளவு என்ற கேள்வியோடு நில்லாமல், எண்ணிக்கை ஏன் குறைந்தது என்ற கேள்வியையும் அதே நிமிடத்தில் கேட்டாக வேண்டும் என்பது இங்கு நிறுவப்படும் கருத்து.

அந்தமான் தீவுகளில் இக்கருத்தை எடுத்துரைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 1988 முதல் இத்தீவுகளில் மழைக்காலத்தை ஒட்டி இரத்தக் கசிவோடு கூடிய காய்ச்சல் பரவி, காரணம் புலப்படாமல் அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே அழைக்கப்பட்டு வந்தது. போர்ட் பிளேரில் 1983இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார ஆராய்ச்சி மையத்தினர் 1990களில் அதை எலிக்காய்ச்சல் என்று கண்டறிந்தனர். அதன் பின்னர் டெங்குவும் இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. இவ்விரு காய்ச்சல்களிலும் தட்டணு குறையும். குறையும்போது கசிவை நினைத்தே அனைவரும் அஞ்சுவர். "பிளேட்லெட் இறங்கிவிட்டது" என்ற சொல் காதில் விழுந்தவுடன் பப்பாளி இலைச் சாற்றைத் தேடுவதும், தட்டணு ஏற்றும்படி மருத்துவரை வற்புறுத்துவதும் தமிழ்க் குடும்பங்களில் இன்று வழக்கமாகிவிட்டன. ஆனால் டெங்குவில் குறைந்த தட்டணு சில நாட்களில் தானே ஏறிவிடும். எதிர்ப்பு மண்டலக் கோளாறுகளோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிப்பவை. அவற்றின் போக்கும் வேறு, மருத்துவமும் வேறு. காய்ச்சலில் கற்ற பாடத்தை அங்கே அப்படியே பொருத்தினால் சில வேளைகளில் உயிருக்கே கேடு நேரும்.

தட்டணுவும் எதிர்ப்பொருளும்

தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையிலுள்ள பெருஞ்செல்களிலிருந்து சிறு துண்டுகளாகப் பிரிந்து இரத்தத்தில் கலப்பவை, உட்கருவற்றவை, ஏழு முதல் பத்து நாட்கள் வரை வாழ்பவை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. குழாயின் உட்சுவரில் கீறல் விழுந்தால், தோணியின் பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து நீர்க்கசிவை நிறுத்துவது போல, இவை அவ்விடத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று பிணைந்து கசிவை நிறுத்துகின்றன. இதே ஒட்டும் தொழில் கீறல் இல்லாத இடத்திலோ, கொழுப்புப் படிந்த குழாயிலோ நிகழ்ந்தால் அது அடைப்பாகி, மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமல் செய்கிறது. பக்கவாதங்களில் பெரும்பான்மை இவ்வகை அடைப்புப் பக்கவாதமே. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொரு வகை. இரண்டுக்கும் வெளி அடையாளங்கள் ஒன்றுபோலவே இருப்பதால், சி.டி. ஸ்கேன் எடுக்காமல் இன்ன வகை என்று எவரும் உறுதிகூற இயலாது.

தட்டணு குறைவுக்கு எதிர்ப்பு மண்டலம் காரணமாகலாம் என்பதைச் செயலில் காட்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன் ஆவார். 1950இல் அவர் இந்நோயுள்ள ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடிமட்டத்துக்குச் சரிந்து, உடலில் இரத்தப் புள்ளிகள் தோன்றி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டன. நோயாளியின் இரத்தத்தில் தட்டணுவை அழிக்கும் பொருள் ஒன்று சுற்றிவருகிறது என்பது அதனால் புலனாயிற்று. எதிர்ப்பொருள் என்று இன்று அழைக்கப்படும் அப்பொருள் தட்டணுவின் மேல் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அந்தத் தட்டணுக்களைப் பிடித்து அழிக்கிறது. நோய் எதிர்ப்புவழித் தட்டணுக் குறைவு நோய், சுருக்கமாக ஐ.டி.பி., இவ்வாறு உண்டாவதே.

இத்தகைய நோயாளிக்கு அடைப்பு எவ்வாறு வரும் என்ற ஐயம் எழுவது இயல்பு. அழிவை ஈடுசெய்ய மஜ்ஜை புதிய தட்டணுக்களை விரைந்து வெளியே தள்ளுகிறது. அவை இளமையும் பருமனும் உடையவையாகவும், முதிர்ந்தவற்றைவிட வீரியமாக ஒட்டுபவையாகவும் இருக்கின்றன. எனவே எண்ணிக்கை குறைந்தாலும் ஒட்டும் ஆற்றல் அதே அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. சிதைந்த தட்டணுக்களிலிருந்து தெறிக்கும் நுண்துகள்களும் உறைதலைத் தூண்டுகின்றன. அளிக்கப்படும் மருத்துவமும் சில வேளைகளில் இதில் பங்குகொள்கிறது. இரத்தக் குழாய் வழியே ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலின் இரத்தத்தைத் தடிப்பாக்கும். எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் போன்று மஜ்ஜையைத் தூண்டும் மருந்துகளும், மண்ணீரலை அகற்றும் அறுவையும் உறைகட்டியின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவற்றோடு வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகிய வழக்கமான காரணங்களும் ஐ.டி.பி. நோயாளியை விட்டுவைப்பதில்லை. தட்டணு குறைவு பக்கவாதத்திலிருந்து காக்கும் கவசம் ஆகாது என்பது இதனால் தெளிவாகும்.

ஒரே எண்ணிக்கை, வேறு வேறு நோய்கள்

ஐ.டி.பி. ஒன்றே இவ்வகை நோய் அன்று. முப்பதாயிரம் என்ற ஒரே எண்ணிக்கை, முற்றிலும் வேறான மருத்துவம் வேண்டும் பல நோய்களில் காணப்படலாம்.

டி.டி.பி. என்னும் நோயை நியூயார்க் மருத்துவர் எலி மோஷ்கோவிட்ஸ் 1924இல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியிடம் கண்டு விவரித்தார். வான் வில்பிராண்ட் காரணி என்ற நீண்ட புரத இழையைத் துண்டாக்கி அளவோடு வைத்திருப்பது அடாம்ட்ஸ்-13 என்னும் நொதியின் வேலை. இந்நோயில் எதிர்ப்பொருள் அந்த நொதியை முடக்கிவிட, துண்டாகாத இழைகளில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டி, மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்களை அடைக்கின்றன. தட்டணு குறைவதற்குக் காரணமே அவை அடைப்புகளில் செலவாகிவிடுவதுதான். ஆகவே இங்கே குறைந்த எண்ணிக்கை, உடலெங்கும் அடைப்பு நடந்துகொண்டிருப்பதன் அடையாளம். குழப்பமும் பேச்சுத் தடையும் வந்து, நீங்கி, மீண்டும் வருவதும், அத்துடன் சோகையும் மஞ்சள் காமாலைச் சாயலும் காண்பதும் இந்நோயை ஐயுறச் செய்யும். மருத்துவம் செய்யாவிடில் பத்தில் ஒன்பது பேர் இறந்த இந்நோயில், 1991இல் கனடாவில் நடந்த ஒப்பீட்டாய்வு பிளாஸ்மா மாற்றத்தின் பயனை உறுதிசெய்த பின், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கின்றனர். பிளாஸ்மா மாற்றம் என்பது இரத்தத்தின் நீர்ப்பகுதியை இயந்திரத்தால் பிரித்தெடுத்துவிட்டு, கொடையாளர் பிளாஸ்மாவை அதற்கு ஈடாக ஏற்றுவது. அதனால் எதிர்ப்பொருள் வெளியேறி, குறைந்த நொதி வந்து சேர்கிறது.

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கூட்டை 1983இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விவரித்தார். இதில் எதிர்ப்பொருள்கள் உறைதலைத் தூண்டி, இளம் வயதிலேயே பக்கவாதத்தையும், பெண்களுக்குத் தொடர் கருச்சிதைவையும் விளைவிக்கின்றன. தட்டணுவும் பெரும்பாலும் மிதமாகக் குறைந்திருக்கும். அக்குறைவை மட்டும் பார்த்து ஐ.டி.பி. என்று முடிவுகட்டினால், உண்மையில் வேண்டிய உறைவுத் தடுப்பு மருந்து கிடைக்காமல் போகும்.

மூன்றாவது, ஹெப்பாரின் ஊசியால் வரும் தட்டணுக் குறைவு. மருத்துவமனையில் உறைவைத் தடுக்கத் தரப்படும் அந்த ஊசியோடு தட்டணுவின் புரதம் ஒன்று இணைய, அந்த இணைப்புக்கு எதிராகப் பிறக்கும் எதிர்ப்பொருள் தட்டணுக்களுக்குக் கிளர்ச்சியூட்டுகிறது. ஊசி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிவதும், அதே வேளையில் புதிய அடைப்புகள் தோன்றுவதும் இதன் இயல்பு. 2021இல், இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட ஆஸ்ட்ராஜெனெகா கொரோனா தடுப்பூசிக்குப் பின், மிக அரிதாகச் சிலருக்கு மூளைச் சிரைகளில் உறைகட்டியும் தட்டணுக் குறைவும் ஒருங்கே ஏற்பட்டபோது, ஹெப்பாரின் இன்றியே அதே புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்களிடம் காணப்பட்டது. குறைந்த தட்டணுவும் உறைகட்டியும் சேர்ந்து வரலாம் என்பதை உலகெங்கும் பொதுமக்கள் அறிய நேர்ந்தது அப்போதுதான்.

முதல் மணி நேரத்தின் முடிவுகள்

மூளைக்குச் செல்லும் பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே காரணத்தைத் தேடுவதற்காக மருத்துவத்தை நிறுத்திவைக்கவும் இயலாது, மருத்துவத்துக்கு விரைவதற்காகக் காரணத்தை மறக்கவும் இயலாது. இரண்டும் ஒருங்கே நடந்தாக வேண்டும். சி.டி. ஸ்கேன் கசிவு இல்லை என்று காட்டியவுடன், அறிகுறி தோன்றி நாலரை மணி நேரத்துக்குள் ஆல்டிப்ளேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ் என்னும் கட்டி கரைக்கும் ஊசி போடுவது வழக்கமான முறை. இரத்த நோய் எதுவும் ஐயுறப்படாத நோயாளிக்குத் தட்டணு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும், ஊசி தொடங்கிய பின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்று தெரியவந்தால் நிறுத்த வேண்டும் என்றும் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஐ.டி.பி. உள்ளவர் என்று முன்பே தெரிந்தாலோ, தோலில் செம்புள்ளிகளும் ஈறில் கசிவும் கண்டாலோ, எண்ணிக்கை தெரிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். ஒரு லட்சம் என்ற எல்லை, தொடக்க கால ஆய்வுகளில் அதற்குக் குறைந்தவர்களைச் சேர்க்காமல் விட்டதாலும் வல்லுநர் கருத்தாலும் நிலைபெற்றது. எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ளவருக்கு நேரும் தீங்கு அளந்து நிறுவப்பட்ட ஒன்றன்று. எனினும் அந்த எல்லைக்கு வெகு கீழே உள்ளவருக்கு இந்த ஊசியைத் தவிர்ப்பதே பொதுவான நடைமுறை.

எண்ணிக்கையை உடனே உயர்த்திவிட்டு ஊசி போடலாமே என்ற எண்ணம் தோன்றலாம். இம்யூனோகுளோபுலின் வேலை செய்ய ஒன்று முதல் மூன்று நாட்களும், ஸ்டீராய்டு வேலை செய்யப் பல நாட்களும் ஆகும். ஏற்றப்படும் தட்டணுக்களை ஐ.டி.பி.யின் எதிர்ப்பொருள் விரைவிலேயே அழித்துவிடும். நாலரை மணி நேரத்துக்குள் இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. இந்நிலையில் பெருங்குழாய் அடைபட்டவருக்குத் திறந்திருக்கும் வழி, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை நேராக வெளியே இழுக்கும் சிகிச்சையாகும். 2015இல் வெளிவந்த பல ஆய்வுகள் அதன் பயனை நிலைநாட்டின. தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கு 24 மணி நேரம் வரை அதைச் செய்ய இயலும் என்பது 2018இல் தெளிவாயிற்று. கரைக்கும் மருந்தே இல்லாமல் இதைச் செய்ய முடிவதால், தட்டணு குறைந்தவருக்கும் துளையிட்ட இடத்தில் கசிவைக் கவனித்தபடி இதை மேற்கொள்ளலாம்.

இத்தனைக்கும் முன்னதாக, குறைவு மெய்யானதா என்று உறுதிசெய்வது அவசியம். ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ. என்னும் உப்பு, சிலருடைய தட்டணுக்களைக் குழாய்க்குள்ளேயே கட்டிகளாகச் சேர்த்துவிடும். இயந்திரம் அக்கட்டிகளைத் தட்டணுவாக எண்ணாமல் விட்டுப் பொய்க்குறைவைக் காட்டும். நீல மூடிக் குழாயில், சிட்ரேட் கலந்து, மீண்டும் எடுத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். அதைவிட எளிய வழி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய் லென்சின் கீழ் பார்ப்பது. ஒரு பார்வைப் புலத்தில் சராசரியாகத் தெரியும் ஒவ்வொரு தட்டணுவும் மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வரையிலான எண்ணிக்கையைக் குறிக்கும். அதே தகட்டில் தலைக்கவசம் போலும் முக்கோணம் போலும் துண்டுபட்ட சிவப்பணுக்கள் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் காணப்பட்டால் டி.டி.பி. பற்றிய ஐயம் வலுப்படும். தட்டணுக்கள் குறைவாகவும் பெரியவையாகவும் இருந்து, சிவப்பணுக்கள் முழுமையாக இருந்தால் ஐ.டி.பி. முன்னுக்கு வரும். பெரிய கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை, எந்தச் சிகிச்சையை நோக்கிச் செல்வது என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது.

தட்டணு ஏற்றுவதில்தான் தவறு எளிதில் நேர்கிறது. டி.டி.பி.யிலும் ஹெப்பாரின் வழி வரும் குறைவிலும் ஏற்றப்படும் தட்டணுக்கள் அடைப்புகளுக்கு இரையாகி, நோயைப் பெருக்கக்கூடும். உயிரைப் பறிக்கும் கசிவு இருந்தாலன்றி அவற்றில் ஏற்றுவதில்லை. டி.டி.பி. ஐயுறப்பட்டால் அடாம்ட்ஸ்-13 சோதனைக்கான இரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முடிவு வர நாட்கள் ஆகும் என்பதால் காத்திராமல் ஸ்டீராய்டோடு பிளாஸ்மா மாற்றத்தைத் தொடங்க வேண்டும். அந்த இயந்திரம் இல்லாத இடத்தில், நோயாளி வேறிடம் சேரும்வரை உறைய வைத்த புத்தம்புது பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டிருப்பது இடைக்கால உதவி. ஹெப்பாரின் காரணம் என்று ஐயுற்றால் குழாயைக் கழுவப் பயன்படும் சிறு அளவு உட்பட எல்லா ஹெப்பாரினையும் நிறுத்தி, ஆர்கட்ரோபான் அல்லது பான்டபாரினக்ஸ் போன்ற வேறு வகை உறைவுத் தடுப்பைத் தொடங்க வேண்டும். தட்டணு மீளும்வரை வார்ஃபரின் தருதல் கூடாது.

மறு அடைப்பைத் தடுத்தல்

முதல் நாளின் ஆபத்து நீங்கிய பின், மீண்டும் அடைப்பு வராமல் காப்பதே நீண்ட காலப் பணி. ஐ.டி.பி. உள்ளவருக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது என்ற பழைய அச்சத்துக்கு மாறாக, எண்ணிக்கை 50,000க்கு மேல் இருந்து கசிவு இல்லாவிடில் சிறிய அளவு ஆஸ்பிரின் தருவது இன்று பெரும்பான்மை வல்லுநர்களின் ஒப்புதலைப் பெற்றுள்ளது. அதற்குக் கீழே இருந்தால், முதலில் ஸ்டீராய்டு அல்லது இம்யூனோகுளோபுலின் கொண்டு எண்ணிக்கையைப் பாதுகாப்பான அளவுக்கு உயர்த்தி, அதன்பின் ஆஸ்பிரினைத் தொடங்குவர். இதில் குறி, இயல்பான ஒன்றரை லட்சத்தை எட்டுவதாக இருத்தல் கூடாது. எண்ணிக்கை அளவுக்கு மேல் துள்ளி உயர்ந்தால் அதுவே மறு அடைப்புக்கு வழிகோலும். மஜ்ஜையைத் தூண்டும் மருந்தைப் பக்கவாதம் வந்தவருக்குத் தொடரும் முன், நன்மை தீமைகளை இருமுறை எடைபோட வேண்டும்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கூட்டில் தமனி அடைப்பு வந்தவருக்கு வார்ஃபரின் முதன்மை மருந்தாக நிலைத்துள்ளது. புதிய வகை மருந்தான ரிவரோக்ஸபான் அவர்களுள் இந்நோய்க்குரிய மூவகை எதிர்ப்பொருளும் உள்ளோருக்குப் பக்கவாதத்தை மிகுவித்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எதிர்ப்பொருள் சோதனையைக் குறைந்தது பன்னிரண்டு வாரம் கழித்து மீண்டும் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், ஒரே சோதனையைக் கொண்டு வாழ்நாள் முழுவதற்கும் தீர்ப்பெழுதுதல் கூடாது. டி.டி.பி. மீண்டவர்களுக்கு நொதியின் அளவை இடைவெளி விட்டுச் சோதித்து வருவதால் நோய் திரும்புவதை முன்னதாகவே கண்டுகொள்ள முடிகிறது. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது எல்லா நோயாளிக்கும் பொதுவானது. தட்டணு குறைந்தவருக்கு அது இருமடங்கு காப்பு, ஏனெனில் உயர் அழுத்தம் அடைப்பையும் கசிவையும் ஒருங்கே வளர்ப்பது.

தீவுகளில் இதன் பொருள்

வண்டூரிலிருந்து, இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர், ஜி.பி. பந்த் மருத்துவமனை அங்கே அமைந்துள்ளது. நாலரை மணி நேரத்தைக் கணக்கில் கொண்டால், இத்தூரத்தைக் கடக்க வேண்டியவர் ஒரு நிமிடத்தையும் வீட்டில் வீணாக்க இயலாது. லிட்டில் அந்தமான், நிகோபார் ஆகியவற்றிலிருந்து வருபவருக்கு அந்த நேரம் கடலிலேயே கரைந்துவிடும். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கப்பலில் செல்லச் சில நாட்கள் ஆகும். தமிழகத்தின் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும் பிளாஸ்மா மாற்றமோ கட்டி அகற்றும் சிகிச்சையோ இங்கிருந்து உடனே எட்டுபவை அல்ல. ஆகவே இத்தீவுகளில் முடிவெடுப்பவருக்கு, அனுப்பிவைக்கும் முன் என்ன செய்வது, அனுப்பும் வழியில் என்ன செய்யக் கூடாது என்ற இரு வினாக்களும் உயிர்நாடியானவை.

இதில் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. ஐ.டி.பி. உள்ளவர், தம் நோயின் பெயர், அண்மைத் தட்டணு எண்ணிக்கை, உட்கொள்ளும் மருந்துகள், மண்ணீரல் அகற்றப்பட்டிருந்தால் அச்செய்தி, முன்பு ஹெப்பாரினால் தீங்கு நேர்ந்திருந்தால் அது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பது மிகப் பெரிய உதவி. முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீர்ப் பார்வையிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால், "தட்டணு குறைவுதானே, உறைகட்டி எப்படி வரும்" என்று ஆறுதல் கொள்ளாமல், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் ஆஸ்பிரின் தந்துவிடுவதும், வாங்கி வந்த மூலிகைச் சாற்றால் எண்ணிக்கையை ஏற்ற முயல்வதும், ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஏனெனில் கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் பார்க்காமல் தெரியாது, நோயின் காரணம் தகடு பார்க்காமல் தெரியாது.

மருத்துவத் துறை இத்தீவுகளில் செய்யத் தக்கதும் தெளிவானது. சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையில், பக்கவாத நோயாளியின் எண்ணிக்கை குறைந்திருப்பதாகக் கருவி சொன்னவுடன், தட்டணுப் பை ஒன்றை வரவழைக்கும் முன்னரே ஒரு தகட்டைத் தேய்த்துப் பார்க்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்யலாம். தொலைவிலுள்ள நரம்பியல், இரத்தவியல் வல்லுநரோடு தகட்டின் படத்தையும் ஸ்கேனையும் தொலைபேசி வழியே அனுப்பிக் கலந்துகொள்ளும் ஏற்பாட்டை உறுதிப்படுத்தலாம். விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிளாஸ்மா ஏற்றத் தொடங்குவதற்கான நெறிமுறையை எழுதி வார்டுச் சுவரில் ஒட்டலாம். இவற்றுள் எதற்கும் பெரும் செலவில்லை. தட்டணு குறைந்தவருக்கும் அடைப்பு வரும் என்ற அறிவும், அவ்வடைப்பின் காரணத்தைக் கேட்கும் பழக்கமும் இருந்தால் போதும். அந்தக் கேள்வியைத் தலைநகர மருத்துவமனைகள் கேட்பதற்கு முன்பாகவே, கடலால் சூழப்பட்டுத் தாமதத்தின் விலையை நன்கறிந்த அந்தமான் மருத்துவர்களும் மக்களும் கேட்கத் தொடங்குவதே இச்சொற்பொழிவின் வேண்டுகோள்.